எல்லோரும் சிரித்த பதில்

அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எந்த வலியோடு போனாலும் முதலில் ரோண்டா லெவாஸர் முன்னால்தான் உட்கார வேண்டும். மரம் அறுக்கும் ரம்பம் தொடையில் இறங்கியிருந்தாலும் சரி, குழந்தை மூக்குக்குள் பட்டாணியைத் திணித்துக்கொண்டிருந்தாலும் சரி. அவசரப் பிரிவின் வாசல் மேசை அவளுடையது. யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிற நர்ஸ் அவள். காகித ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஆலை மூடி, பாதி ஊர் காலியாகி, மீதி ஊர் குடியிலும் போதை மாத்திரையிலும் விழுந்த பிறகும் அதே நாற்காலிதான். மெய்ன் மாநிலத்தின் அந்த வடக்கு மூலையில் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால், பனி இல்லாத நாளில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும்.

வருகிற எல்லோரிடமும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேலிடத்து உத்தரவு. காய்ச்சல் இருக்கா, எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று கேட்கிற அதே வரிசையில் இதையும் கேட்க வேண்டும்: "இந்த ரெண்டு மூணு வாரத்துல, செத்துப் போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணுச்சா?" மற்ற நர்சுகள் திரையைப் பார்த்துக்கொண்டே, பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வது மாதிரி அதை முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு நாளைக்கு அத்தனை பேரிடம் சாவைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் மரத்துப் போகாது?

ரோண்டா அப்படிக் கேட்க மாட்டாள். நாடி பார்க்கிற சாக்கில் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். முகத்தை நேராகப் பார்ப்பாள். அப்புறம்தான் கேட்பாள்.

ஒருமுறை காட்டு வேலைக்காரன் ஒருவன், ஆறடிக்கு மேல் இருப்பான், காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நொண்டி வந்தான். கேள்வியைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது? எனக்குக் கால்லதான் வெட்டு. தலையில இல்ல."

"தெரியுது கண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இல்லை என்று சொல்லத்தான் வந்தான். அவ்வளவு பெரிய ஆள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். ரோண்டாவிடம் பொய் சொல்ல முடியாது என்று ஊரே பேசிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

ஆமாம் என்று சொன்னவர்களுக்கு நாலாம் அறை. உடுப்பைக் கழற்ற வேண்டும், காகித அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். போன், பெல்ட், ஷூ லேஸ் எல்லாம் ஒரு பைக்குள் போய்விடும். வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். "மானம் போகுதும்மா" என்று அழுதவர்களிடமெல்லாம் ரோண்டா ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "மானம் திரும்ப வரும் கண்ணு." அதை அவள் மனதார நம்பினாள். தானே அந்தக் காகித அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டிவரும் என்று அப்போது யார் கண்டது?

டாக்டர் வெண்டல் ஹாஸ்கலும் அவளும் பல வருஷமாகச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பெரிய உருவம், ஐம்பதைத் தாண்டிய வயது, எப்போதும் கசங்கிய சட்டை. டியூட்டிக்கு வரும்போதெல்லாம் கையில் டோனட் பெட்டி இருக்கும். குளிர்காலம் வந்தால் ஏரி உறைகிற நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். ஏரிப் பனிமேல் ஒரு குடில் போட்டு, துளை வழியாகத் தூண்டில் விட்டுக்கொண்டு, பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குச் சொர்க்கம்.

காலையில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் ரோண்டா குட் மார்னிங் சொல்ல மாட்டாள். நாற்காலியில் சாய்ந்தபடி, தன் வாசல் குரலில் கேட்பாள்:

"டாக்டரே, இந்த ரெண்டு மூணு வாரத்துல செத்துப் போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணுச்சா?"

"உன்கூட டியூட்டி போட்ட அன்னைக்கு மட்டும்" என்பார் ஒரு நாள். "மேனேஜரம்மா டெனிஸ் மீட்டிங் வச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன், அப்புறமும் என்ன கேள்வி?" என்பார் இன்னொரு நாள். "நேத்து மேட்சைப் பார்த்தல்ல?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டோனட் பெட்டி திறக்கும். அன்றைய பொழுது அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் அங்கே ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து சுளிக்கட்டும். காலையில் ஒரு பச்சைக் குழந்தையின் உடலைத் துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, மத்தியானம் அதே கையால் சாண்ட்விச் தின்ன வேண்டிய வேலை அது. சிரிக்கத் தெரியாதவன் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். சிரிக்கத் தெரிந்தவன் எத்தனை நாள் தாங்குவான் என்று மட்டும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை. வெண்டல் வந்தார், டோனட் பெட்டியோடு. வாசல் காவலர் நார்ம், பழைய ஆலைத் தொழிலாளி, ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். வெண்டல் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஏரிக் குடில் சாவி. நீயே வச்சுக்க நார்ம். எனக்கு இனிமே நேரம் கிடைக்காது."

"அட, நிஜமாவா டாக்டர்? உள்ள இருக்கிற அந்த அடுப்போடயா?"

"அடுப்போடதான்."

நார்முக்கு வாயெல்லாம் பல். மேசைக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ரோண்டா. ஆசையாக வைத்திருந்த பொருளை ஒருவர் திடீரென்று எடுத்துக் கொடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று புது நர்சுகளுக்குப் பாடம் எடுக்கிறவளே அவள்தான். அதே சாவியை ஒரு நோயாளி கொடுத்திருந்தால் எழுந்து நின்றிருப்பாள். வெண்டல் கொடுத்தபோது, நார்முக்கு அடித்தது யோகம் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து கேள்வியைக் கேட்டாள்.

வெண்டல் அவளைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற நர்ஸ் கோரின் மேசையைத் தட்டினாள். "அப்பாடா! ஒருவழியா உண்மையை ஒத்துக்கிட்டாரு!" எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ரோண்டா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்போ நாலாம் ரூம் காலியாத்தான் இருக்கு டாக்டரே. ஷூ லேஸைக் கழட்டி இங்க வச்சுட்டுப் போங்க."

வெண்டல் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். டோனட் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு நிறைய வேலை. ஒருவனுக்குத் தோள் மூட்டை இழுத்துப் போட்டார், ஒரு கிழவிக்கு நின்றுபோக இருந்த இதயத்தைத் திரும்ப ஓட வைத்தார். போகும்போது ரோண்டாவின் நாற்காலி முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அவருக்கு லீவு. மத்தியானம் ஆம்புலன்சிலிருந்து ரேடியோவில் குரல் வந்தது. வழக்கமாக வயசு, ஆணா பெண்ணா, மூச்சு இருக்கிறதா என்று கடகடவென்று சொல்கிறவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "ரோண்டா, நம்ம ஆளு" என்றான். "நம்ம ஆளுதான் ரோண்டா."

அந்த ஊரில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. வேறு எங்கே கொண்டுபோவார்கள்? அவர் பெயர் இன்னும் அந்த வாரத்து டியூட்டிப் பலகையில் இருந்தது. அவர் நேற்று நின்ற இடத்தில் இன்று அவரைப் படுக்க வைத்தார்கள். அவர் பழக்கிய கைகள்தான் அவர் நெஞ்சை அழுத்தின. இளம் டாக்டர் ஒருவன், இரண்டு வருஷம் வெண்டலிடம் வேலை கற்றவன், கடைசியில் கையை எடுத்துவிட்டு, வழக்கப்படி சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டான்: "நிறுத்திடலாம்னு இருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" ரோண்டாவுக்கு ஆட்சேபணை இருந்தது. அது வெளியே வரவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், காத்திருப்பு அறை நிரம்பி வழிந்தது. "ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கோம், யாரும் கவனிக்க மாட்டேங்கறீங்களே" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். அவள் கட்டைவிரலில் தூண்டில் முள் குத்தியிருந்தது. ரோண்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ச்சல் இருக்கா, மருந்து ஒத்துக்காதா என்று கேட்டாள். அடுத்ததையும் கேட்டாள்.

"அய்யே, இல்ல" என்றாள் அந்தப் பெண்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபியும் அவித்த பீன்ஸ் பயறும் வைத்திருந்தார்கள். வெண்டலின் மனைவி எலைஸ் காகிதக் கோப்பையை வைத்துக்கொண்டு ரோண்டாவைத் தேடி வந்தாள்.

"யாரையாவது போய்ப் பாருங்கன்னு கெஞ்சினேன் ரோண்டா. மாட்டேன்னுட்டாரு. வெளிய தெரிஞ்சா லைசென்சைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம். எந்த ஊர் டாக்டர்கிட்ட போனாலும் அவருக்குத் தெரிஞ்சவனா இருப்பான்னு பயம். 'ரோண்டாகிட்ட மட்டும் சொல்லிடுவேன். அவதான் தினம் கேட்கிறாளே, ஒரு நாள் சொல்லிடறேன்'னு சொல்லிட்டே இருந்தாரு." கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

ரோண்டா அவள் முகத்தைப் பார்த்தாள். யாரும் பொய் சொல்ல முடியாத ரோண்டா.

"இல்லையே, எலைஸ்" என்றாள்.

ஆஸ்பத்திரியும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நர்சுகளுக்கு மேலாளர் டெனிஸ், "டாக்டர் ஹாஸ்கலின் எதிர்பாராத மறைவு" என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினாள். எப்படி என்று யாரும் பேச வேண்டாம், அது குடும்பத்தின் சொந்த விஷயம் என்று நேரில் சொன்னாள். அடுத்த மூச்சில், வியாழக்கிழமை டியூட்டியை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டாள். பீட்சா வரவழைத்தாள். தலைநகரத்திலிருந்து மன உறுதிப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்மணியையும் வரவழைத்தாள். அந்தப் பெண்மணி எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள்.

"உங்களை ஒரு மரமா நினைச்சுக்கங்க. காத்து அடிக்குது. நீங்க வளையறீங்க. ஆனா முறியல."

"இந்த ஊர்ல மரத்தைப் பத்திப் பேசாதீங்கம்மா" என்றாள் கோரின். "எல்லாத்தையும் வெட்டி ஆலைக்கு அனுப்பியாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பயிற்சியில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, எழுந்து ஓடினார்கள். திரும்பி வந்தபோது பீட்சா ஆறிப்போயிருந்தது. ஆளுக்கு ஒரு ரப்பர் பந்தும், மனசு சரியில்லை என்றால் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பரும் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்காரி போய்ச் சேர்ந்தாள். அந்த நம்பரைத்தான் ரோண்டா இத்தனை வருஷமாக ஊருக்கே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ரோண்டாவால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. முதலில் திரையைப் பார்த்துக் கேட்டாள். அப்புறம் பாதியோடு நிறுத்தினாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். காய்ச்சல், மருந்து என்று கேட்டுவிட்டு, மூன்றாவதற்கு அவளே "இல்லை" என்று தட்டிவிட்டு ஆளை அனுப்பினாள். கேட்டால் யாராவது ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். கேட்காமல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாளோ, அவர்கள் எந்த வீட்டுக்குப் போய் என்ன ஆனார்களோ, அது அவளுக்கும் தெரியாது. தெரியாதது இன்னும் பெரிய வதை.

இதில் ஒரு கூத்து நடந்தது. கேள்வி ஒன்று குறைந்ததால் வரிசை வேகமாக நகர்ந்தது. மாதக் கடைசியில் டெனிஸ் கைதட்டிக்கொண்டு வந்தாள்.

"ரோண்டா! உன் மேசையிலதான் எல்லாரையும் சீக்கிரம் அனுப்பறாங்க. மேலிடத்துல உன் பேரைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க. இந்த மாசத்து சிறந்த ஊழியர் நீதான்!"

பரிசு என்ன தெரியுமா? ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்த ஓர் இடம். அவள் பெயரைப் பலகையில் எழுதி நட்டு வைத்தார்கள். தினமும் காலையில் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, தன் பெயரைப் பார்த்துக்கொண்டு, இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே கேட்டது. வேறு யார் குரலும் இல்லை, அவளுடைய அதே வாசல் குரல். இந்த ரெண்டு மூணு வாரத்துல, செத்துப் போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணுச்சா? ஆமாம் என்று பதிலும் உடனே வந்தது. அன்றைக்கும் இறங்கிப் போய் வேலை பார்த்தாள். மறுநாளும் கேட்டது.

வெண்டலுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. யாரிடம் போவாள்? இங்கே சொன்னால் நாலாம் அறை. அவளுடைய லேஸைக் கழற்றப்போவது கோரின். வாசலில் உட்கார்ந்து பார்க்கப்போவது நார்ம். சாயங்காலத்துக்குள் மளிகைக் கடை வரை செய்தி போய்விடும். அப்புறம் எந்த நோயாளி அவளிடம் கையை நீட்டுவான்? ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே வாசல் மேசையில் அவள் சித்தி மகள். அந்த நம்பரைக் கூப்பிடலாம். போனை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். ஊருக்குச் சொன்ன உபதேசம் தனக்கு என்று வரும்போது கைக்கு எட்டவில்லை.

ஏப்ரலில் பனி உருகி ஊரெல்லாம் சேறானது. நார்ம் அந்தக் குளிர்காலத்தில் ஏரிப் பக்கமே போகவில்லை. பனி உடைவதற்கு முன்னால் யாரோதான் குடிலைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். சாவி மட்டும் அவர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெண்டலின் இடத்துக்கு வாரத்துக்கு ஒரு வெளியூர் டாக்டர் வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த வாரம் வந்தவன், பாவம், ஒன்றும் அறியாதவன். எல்லோரோடும் சிநேகமாக இருக்கலாம் என்று வழியில் டோனட் வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். அதே கடை, அதே பெட்டி. காலை டியூட்டி மாறுகிற நேரம், எல்லோரும் அங்கே இருந்தார்கள். பெட்டியைப் பார்த்தபடி ஒருத்தரும் நகரவில்லை. கடைசியில் கோரின் ஒன்றை எடுத்தாள். எடுத்த கையோடு அவள் வாய், தினமும் ரோண்டா கேட்டதைக் கேட்டுப் பழகிய தோஷத்தில், தானாக ஆரம்பித்துவிட்டது:

"ரோண்டா, இந்த ரெண்டு மூணு வாரத்துல செத்துப் போயிட்டா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஆமாம்" என்றாள் ரோண்டா.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பதற்றத்தில் வந்த சிரிப்பு. அது ஒட்டிக்கொண்டு இன்னொருத்தரிடம் போனது. கோரினும் தப்பித்தோம் என்று சிரிக்கப் பார்த்தாள். "அடிப்பாவி, பயமுறுத்திட்டியேடி" என்றாள். வெளியூர் டாக்டரும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தான்.

ரோண்டாவுக்குத் தெரிந்தது. இப்போது ஒரு புன்னகை போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும், பெட்டி திறக்கும், அவள் தன் நாற்காலிக்குப் போய்விடலாம். வெண்டல் அதைத்தான் செய்தார். அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று சிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கோரின், என் மூஞ்சியைப் பாரு" என்றாள். "வெண்டல் சிரிச்சுட்டாரு. நான் சிரிக்கல."

கோரினின் கையிலிருந்த டோனட் கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு டெனிஸ் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "கடவுளே, இன்னைக்கா? வெளிய இவ்வளவு கூட்டம். மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியாதா ரோண்டா?" என்றாள். கேட்ட பிறகு தான் கேட்டது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனால் கேட்டுவிட்டாள். அப்புறம் நர்ஸ் அனுப்புகிற ஏஜென்சிக்குப் போன் போடப் போய்விட்டாள். போகிற போக்கில் திரும்பி, "உன் மேசைக் கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டு என்ன?" என்றும் கேட்டுக்கொண்டாள்.

நாலாம் அறைக்கு ரோண்டாவே நடந்தாள். வழி யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. காகித அங்கி முதுகில் மூடவில்லை. எத்தனை பேருக்கு இதைக் கட்டிவிட்டிருப்பாள், முதுகில் இவ்வளவு குளிரும் என்று யாரும் சொன்னதில்லை. கோரின் தரையில் மண்டியிட்டு ஷூ லேஸை உருவினாள். முடிச்சு அவிழவே இல்லை.

"விடு, நான் கழட்டறேன்" என்றாள் ரோண்டா.

"நீ கழட்டக் கூடாதுடி. ரூல்."

"ஆமாமா. நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

நார்ம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார். உட்காரப் போனவர், பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

கோரின் சக்கரம் வைத்த கம்ப்யூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாக வேண்டும், அதுவும் ரூல். காய்ச்சல் இருக்கா என்று கேட்டாள். எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று கேட்டாள். பிறகு கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் மூன்றாவதை முணுமுணுத்தாள்.

"அப்படிக் கேட்காத" என்றாள் ரோண்டா. "அப்படிக் கேட்டா நான் இல்லன்னு சொல்லிடுவேன். கையைப் பிடிச்சுக்க. மூஞ்சியைப் பார்த்துக் கேளு."

கோரின் திரையைத் தள்ளிவிட்டாள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே டெனிஸ் யாரிடமோ, "ஒரு நாளைக்குத்தான், வாசல் மேசைக்கு யாராவது இருந்தா போதும்" என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ரோண்டா" என்றாள் கோரின். "இந்த ரெண்டு மூணு வாரத்துல, செத்துப் போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணுச்சா?"

"ஆமாம்."

யாரும் சிரிக்கவில்லை.